ஒன்பதே கால் மணி

கருங்கல் சந்தையில் மீன்காரிகள்
காலிச் சருவங்களோடு பஸ் ஏறிய பிறகு
என் மருந்துக் கடைக்கு அவர்கள் வருவார்கள்.
கவுண்டரில் பெண் நிற்பதைக் கண்டதும்
இருமல் மருந்து கேட்பார்கள்.
இருமாத எத்தனை நெஞ்சுகளுக்கு
இருமல் மருந்து விற்றிருக்கிறேன் நான்.

சிலர் மறுபடியும் வருவார்கள்.
பாலப்பள்ளத்து டென்னிசன்
நான்காய் மடித்த தாளை நீட்டினான்.
மாத்திரையின் பெயர் மட்டும், எழுத்துப் பிழையோடு.
கல்யாணமாகிப் பதினோரு நாள்.
"காலையில எழும்பும்போ?"
தரையைப் பார்த்துச் சொன்னான், "அப்ப உண்டு."
அப்படியானால் பெரும்பாலும் உடம்பில் கோளாறில்லை தம்பி,
கதவுக்கு வெளியே காது வைத்திருக்கிற வீட்டில்தான்.
விற்கவில்லை. டாக்டரிடம் போகச் சொன்னேன்,
இரண்டு பேருமாய்.

மேல்மிடாலம் இஞ்ஞாசியார்
புயலில் தம்பியின் கை நழுவிப்போக
ஒரு கேனைப் பிடித்துக் கரைசேர்ந்தவர்.
"அதுக்குப் பிறவு எனக்க உடம்பு
எனக்க உடம்பு மாதிரி இல்ல பிள்ளே."
அதற்கான மருந்து
அலமாரியில் எந்தத் தட்டில் என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தென்னையிலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பில் நரம்பு.
புராஸ்டேட் ஆபரேஷன் கழிந்தவருக்கு அடிவயிற்றில் நரம்பு.
பிரஷர் மாத்திரை மாற்றியதிலிருந்து என்றவரிடம்
நீங்களாக நிறுத்தாதீர்கள்,
எழுதியவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன்.
வாய்விட்டு என்ற சொல்லுக்கே அவர் திரும்பிப் பார்த்தார்,
பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று.
குடித்தால் தைரியம் வருகிறது, மற்றது வரவில்லை
என்று ஒருவர். சிரித்துவிட்டேன். அவரும்.
ஒருநாள் உடம்பு தவறும்,
மறுநாளிலிருந்து அந்த வேலையைப் பயம் ஏற்றுக்கொள்ளும்.
பாதிப்பேர் இந்த ரகம்.
எது தொடக்கம் என்று அவர்களுக்கே தெரியாது.

அருமனை ரப்பர் வியாபாரி மட்டும்
ஐந்நூறு ரூபாயைக் கண்ணாடிமேல் அறைந்து கேட்டார்.
"நாக்குக்கு அடியில வைக்குற மாத்திரை வல்லதும் உண்டா அண்ணே?"
"அது நெஞ்சுக்கு. இது வேற."
வேறு இல்லை. இரண்டும் சேர்ந்தால்
பிரஷர் தாழ்ந்து ஆளையே கொண்டுபோகும்.
தவிர, அங்கே ஓடுகிற குழாய்
நெஞ்சின் குழாயைவிட ஒடுக்கம்.
அடைப்பு பல நேரம்
அங்கேதான் முதலில் வந்து கதவு தட்டும்.
"பெம்பிளைக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"
என்று கேட்டுவிட்டுப் போனார்.
ரூபாயை எடுக்க மறந்து, திரும்பி வந்து எடுத்தார்.

இத்தனையும் தெரிந்த நான்
சனிக்கிழமை ஜஸ்டஸின் சட்டையைத் துவைக்கப் போட்டபோது
பையில் ஒரு பில்.
வேட்டூர்ணிமடத்தில் ஏதோ ஒரு கடை.
நான்கு மாத்திரை. முழு விலை.
இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார்,
கட்டிய பெண்டாட்டி கடை வைத்திருக்கும்போது.

பட்டையில் மூன்று மீதியிருந்தது.
குறைந்த அந்த ஒன்று எந்த இரவு?
ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த முதுகுகள்தான் நினைவுக்கு வந்தன,
அதில் ஒன்று எப்போதும் என்னுடையது.

அன்று ராத்திரி அவர் சோறு தின்று முடித்ததும்
பில்லைத் தட்டின் பக்கத்தில் வைத்தேன்.
"நம்ம கடையில பத்து சதமானம் குறைச்சு தருவேனே."
அவர் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.
"உனக்கிட்ட எப்பிடிக் கேக்க" என்றார்,
தண்ணீரிடம் சொல்வதுபோல.

கடைசியாக சுகர் பார்த்தது எப்போது என்று கேட்டேன்.
மூத்தவள் பத்தாம் வகுப்பு எழுதின வருஷம்.
அவளுக்கு இப்போது கல்லூரி முடியப்போகிறது.

மிஷினை எடுத்து வந்தேன்.
விரலை நீட்டினார். ஊசி வைத்தேன்.
துளி உடனே வரவில்லை.
அமுக்கப் போனவள் விட்டுவிட்டேன்.
கையைப் பிடித்தபடி
இரண்டு பேரும் அந்த விரல் நுனியைப் பார்த்துக்கொண்டு
காத்திருந்தோம்.